ஊற்றுக்கண்ணில் பால்!

அன்று மதகடியில் இருந்தவர்கள் ஏழு பேர்.

பனைமடு மணியக்காரர் பெரியதம்பி. அவருடைய தங்கை வெள்ளையம்மாள். ஓவர்சியர் சீனுவாசன். திண்டிவனத்திலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் வேங்கடேசன். கான்ஸ்டபிள் மண்ணாங்கட்டி. அணையின் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி அந்தோணிசாமி. அவர் மனைவி சவுரியம்மாள்.

ஏழு பேரில் ஆறு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தோணிசாமி விடவில்லை.

ஈரத் தென்னங்கீற்றின் மேல் மல்லாந்து கிடந்தார். கண்கள் மூடவில்லை. மழைத்துளி விழுந்தும் இமைக்கவில்லை. அந்தப் பார்வை நேராக அணைக்கரையைப் பார்த்தது.

என்னவோ சொல்ல வந்து பாதியில் நின்ற பார்வை!

1938-ஆம் வருஷம். ஐப்பசி மாதம். சனிக்கிழமை. காலை பதினொரு மணி... வானம் மட்டும் ஆறு மணிபோல இருண்டு கிடந்தது.

"எங்க கெடந்தான்?" வேங்கடேசன் தொப்பியைக் கழற்றி உதறினார்.

"மதகுக் கெணத்துலங்க. குப்புற..." மண்ணாங்கட்டி சொன்னான்.

"வழுக்கி வுழுந்திருப்பானோ?"

"இருவத்திரெண்டு வருசமா தெனம் எறங்கின கெணறுங்க! கண்ணைக் கட்டிவுட்டாலும் எறங்குவாரு. நான்தான் இப்ப வழுக்கி வுழுந்துட்டேன். பேஜாரு!"

"வாய மூடு."

வேங்கடேசன் பிணத்தின் தலையைத் திருப்பினார். பின்மண்டையில் ஒரு காயம். பிறை நிலா வடிவம். கட்டையால் அடித்த காயம் அப்படி வளையாது...

அவர் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

பிறகு பிணத்தின் இடுப்பில் கை வைத்தார். வேட்டி மடிப்பில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

ஒரு மருந்துச் சீசா! வாயில் துணி அடைத்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ!

"விஷமா?"

யாரும் பதில் சொல்வதற்குள் மண்ணாங்கட்டி துணியைப் பிடுங்கி, மூக்கில் வைத்து, நாக்கிலும் வைத்துவிட்டான்.

"யோவ்! உனுக்குப் பைத்தியமா?"

"பாலுங்க சார்."

"என்னது?"

"பாலு! தண்ணி ஜாஸ்தி. எங்க தெருப் பால்காரன்கூட இவ்ளோ கலக்க மாட்டான்."

ஹ்ஹூ... ஹ்ஹூ...

திடீரென்று கரையின் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிய உடம்பு ஒன்று தூங்கும்போது மூச்சு விடுவதுபோல!

மண்ணாங்கட்டி சீசாவைச் சட்டென்று கீழே வைத்தான்.

"அது... அது இன்னாங்க?"

"ஆத்தா," என்றார் வெள்ளையம்மாள். அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பால் குடிச்சிட்டுப் படுத்திருக்கா."

பனைமடு அணை பெரியது அல்ல. பெரியதம்பியின் பாட்டனார் ஓடைக்குக் குறுக்கே போட்ட மண்கரை. மூன்று ஆள் உயரம். நான்கு ஊருக்குக் குடிதண்ணீர் அதில்தான். கரையின் நடுமுதுகில் ஒரு புற்று. அதுவும் ஆள் உயரம்.

அணை நிரம்பியதும் வரும் முதல் வெள்ளிக்கிழமை, அந்த வீட்டுப் பெண் நாற்பத்தொரு சொம்பு பால் புற்றில் ஊற்ற வேண்டும். மூன்று தலைமுறை வழக்கம். முப்பது வருஷமாக ஊற்றியவர் வெள்ளையம்மாள். பதினாறு வயதில் தாலியறுத்துத் தாய்வீடு திரும்பியவர். ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை.

புற்று மட்டும்தான் கூப்பிட்டது.

நேற்று மாலையும் ஊற்றினார். இன்று புற்றடியில் குடம் இருந்தது. மஞ்சள் இருந்தது. வாடிய பூ இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வேங்கடேசன் சவுரியம்மாளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. காலைல உன் வூட்டுக்காரன் எங்க போனான்?"

சவுரியம்மாள் அழுது முடித்திருந்தார். தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது.

"விடிஞ்சதும் கரைக்குப் பின்னால சுத்திப் பாக்கப் போனாருங்க. ஓட்டமா ஓடியாந்தாரு. இந்தச் சீசாவைக் காட்டினாரு. 'சவுரி, ஊத்துல பால் வருதுடி'ன்னாரு. நான், 'உன் ஏசு குடுத்தாரா, அவங்க ஆத்தா குடுத்தாளா'ன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல..."

"அப்புறம்?"

"'ஆண்டை வூட்டுல சொல்லிட்டு வர்றேன்'னு போனாரு. அவ்ளோதாங்க."

வேங்கடேசன் மெல்லப் பெரியதம்பியின் பக்கம் நடந்தார்.

அறுபத்திரண்டு வயது. ஈட்டி மாதிரி முதுகு. அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. உயர்த்தத் தேவை வந்ததில்லை. ஒரே ஒரு குறை... மழைக்காலம் வந்தால் பெரியதம்பிக்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிடும்.

"மணியக்காரரே! போன மாசம் புத்தைத் தோண்டணும்னு ஓவர்சியர் சொன்னாரு. நீங்க ஊர் நடுவுல என்னா சொன்னீங்க?"

"கடப்பாரை வெச்சவன் கையை எடுப்பேன்னு சொன்னேன்."

"இன்னிக்குக் காலைல அந்தோணிசாமி உங்களாண்ட வந்தானா?"

பெரியதம்பி இருமினார். நெஞ்சுக்குள் பழைய துருத்தி ஊதியது.

ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... அவர் கண் தங்கையின் பக்கம் போய்த் திரும்பியது.

"வந்தான்."

"வந்து?"

"நான்தான் அடிச்சேன்!"



"ஆண்டே..!" சவுரியம்மாளின் கை வாயைப் பொத்தியது.

"எதால அடிச்சீங்க?" வேங்கடேசன் கண்ணைச் சுருக்கினார்.

"கட்டையால."

"கட்டை எங்க?"

"தண்ணில போட்டுட்டேன்."

"காயம் வளைஞ்சிருக்குதே?"

"வளைஞ்ச கட்டை!" பெரியதம்பி இரண்டு கையையும் நீட்டினார். "கேள்வி போதும் இன்ஸ்பெக்டரே. மாட்டுங்க. இந்த வூட்டுல குத்தத்தை ஒத்துக்க ரெண்டாந்தரம் கேக்க வெச்சதில்ல."

க்ளிக்!

பனைமடு மணியக்காரர் கையில் விலங்கு விழுந்தது. வெள்ளையம்மாள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது.

அந்த நேரத்தில்தான் ஒருவர் காணாமல் போயிருப்பதை மண்ணாங்கட்டி கவனித்தான்.

"சார்! ஓவர்சியர் எங்கங்க?"

ஓவர்சியர் சீனுவாசன் கரையின் பின்பக்கச் சரிவில் விழுந்து புரண்டு ஓடிக்கொண்டிருந்தார். கையில் அந்தப் பால் சீசா!

கொலையை யார் செய்தது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

ஊத்து!

அடிக்கரையில் புல்லை விலக்கினார். அங்கே கட்டைவிரல் பருமனில் வரும் ஊற்று ஒன்று உண்டு. சேரிப் பெண்கள் குடத்தில் பிடிக்கும் தெளிந்த ஊற்று.

இன்று தொடை பருமன் ஆகியிருந்தது.

தெளிவு இல்லை. செக்கச் செவேலென்று... கரையின் மண்ணையே கரைத்துக்கொண்டு குபுகுபுவென்று வந்தது!

"ஐயோ!"

கத்திக்கொண்டே மேலே ஏறினார்.

"மணியக்காரரே! புத்துல ஊத்தின பால் அடில வந்திருக்குது! இன்னா அர்த்தம் தெரியுதா? கரையான் கரையை மேலேருந்து கீழ வரைக்கும் ஓட்டை போட்டுடுச்சு! அந்த மூச்சு சத்தம் ஆத்தா இல்லய்யா, ஓட்டைல காத்து! அதைச் சொல்லத்தான் அந்தோணிசாமி சீசாவுல பிடிச்சாந்தான். காலைல பால் வந்திச்சு. இப்ப செம்மண் வருது!"

"இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும்?" வேங்கடேசனின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு மணி நேரம். ஒண்ணரை மணின்னா புண்ணியம்!"

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயின.

கரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், நாற்பத்திரண்டு கூரை வீடுகள். அந்தோணிசாமியின் சனம். மழைக்குப் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். குழந்தை குட்டிகள் எல்லாம்!

"வழி இருக்குதா?" பெரியதம்பி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. தெக்குக் கோடில பாறை இருக்குது. அங்க கரையை நாமளே வெட்டணும். தண்ணி அந்தப் பக்கம் எறங்கினா ஓட்டைக்கு பாரம் கொறையும். ஆனா..."

"ஆனா?"

"அந்தப் பக்கம் பூரா உங்க மல்லாட்டைக் கொல்லை. எல்லாம் போயிடும். அணையும் போயிடும்."

பெரியதம்பி கரையை நிமிர்ந்து பார்த்தார். பாட்டனார் போட்ட கரை. ஒரு மம்முட்டி வெட்டு விழாத கரை. நான்கு ஊர்க்காரர்கள் குடத்தை நிறைத்துக்கொண்டு "மணியக்காரர் வூட்டுத் தண்ணி" என்று சொல்ல வைத்த கரை.

"கூடாது!"

வெள்ளையம்மாள்!

எப்போது ஏறினாரோ... புற்றின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்திருந்தார். நரைத்த தலை அவிழ்ந்து மண்ணில் புரண்டது.

"ஆத்தா மேல கை வெக்காதண்ணே! அவ தாங்குவா! நாப்பத்தோரு சொம்பும் குடிச்சிருக்கா... தாங்குவா!"

"வெள்ள... எறங்கி வா."

"வர மாட்டேன்! எனுக்கு வேற யாரு இருக்காங்க?"

ஹ்ஹூ... என்றது புற்று.

வேங்கடேசன் பல்லைக் கடித்தார். "மண்ணாங்கட்டி! ஜல்தி ஓடு! சேரில போயி எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லு!"

மண்ணாங்கட்டி ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான்.

"சார்... சிவப்புத் தொப்பியைப் பாத்ததும் ஒருத்தன் வுடாம படலை இறுக்கிக் கட்டிக்கினாங்க சார்! 'அந்தோணியையும் கொன்னுட்டு எங்களையும் புடிக்க வந்தியா'ன்னு உள்ளேருந்து திட்டுறாங்க! ஒரு கெழவி ஒலக்கையைத் தூக்கிட்டா!"

"சொல்ல வேண்டியதுதானே, கரை ஒடையப் போகுதுன்னு!"

"சொன்னேங்க! 'நீ இன்னா பெரிய நீர்க்கட்டியா'ங்குறாங்க!"

சவுரியம்மாள் எழுந்து நின்றார்.

"போலீசு சொன்னா வர மாட்டாங்க. ஆண்டை ஆளு அனுப்பினாலும் வர மாட்டாங்க. எங்க சனம் ஒரு கொரலுக்குத்தான் வெளிய வரும். மதகு தெறக்கறப்பல்லாம் இங்க நின்னுக்கினு அவரு கூவுவாரே... அந்தக் கொரலுக்கு!"

அவர் வாயைத் திறந்தார். கூவினார்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றார். கட்டிப்போன தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு மட்டும்... மழை அதையும் விழுங்கிவிட்டது.

அந்தோணிசாமியின் கண்கள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கீழே, முதல் வரிசை மூன்றாவது வீட்டில், அந்தோணிசாமியின் அண்ணன் மகள் ராஜாமணி கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

கை நின்றது.

"தண்ணி வருதுடோய்ய்ய்..! மேட்டுக்குப் போங்கடோய்ய்ய்..!"

ராஜாமணியின் முதுகில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது.

சித்தப்பா கூவுகிறார்!

காலையில் மதகுக் கிணற்றிலிருந்து தூக்கிய சித்தப்பா... அவள் கண்ணாலேயே பார்த்த பிணம்... கரைமேல் நின்று கூவுகிறது!

"தண்ணி வருதுடோய்ய்ய்..! மேட்டுக்குப் போங்கடோய்ய்ய்..!"

அதே வார்த்தை. அதே இழுவை. இருபத்திரண்டு வருஷமாக மழையிலும் வெயிலிலும் கேட்ட அதே கூவல்.

படல்கள் பறந்தன! கூழ்ப்பானை உருண்டது. கிழவி உலக்கையைப் போட்டுவிட்டுப் பேரனைத் தூக்கினாள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வீடும் மேட்டுக்கு ஓடியது.

மூன்றாவது கூவல் வந்தது.

"தண்ணி வரு..."

பாதியில் அறுந்தது. கர்ர்ர் என்று ஒரு இழுப்பு. தொண்டை முழுக்கத் தண்ணீர் நிறைந்தவன் கூவியதுபோல!

"ஏசுவே!" ராஜாமணி குழந்தையின் காதைப் பொத்தினாள்.

மழைத் திரைக்கு அப்பால் கரைமேல் ஒரு உருவம் நின்றது. நின்றது, மடங்கி உட்கார்ந்தது. பிறகு தெரியவில்லை.

தெற்குக் கோடி.

வேங்கடேசன் விலங்கைத் திறந்தார். பெரியதம்பி மம்முட்டியை வாங்கினார். பாட்டனாரின் கரையைத் தொட்டுக் கும்பிட்டார். முதல் வெட்டு அவருடையது.

"வுடுங்க மணியக்காரரே, நான் வெட்டுறேன்! உங்களுக்கு மூச்சு வாங்குது!" ஓவர்சியர் தடுத்தார்.

"எங்க பாட்டன் போட்டது. வெட்டுறவனும் அவன் பேரனாத்தான் இருக்கணும்."

சனத்தை மேட்டில் ஏற்றிவிட்டுச் சேரி ஆட்கள் பத்துப் பேர் மம்முட்டியோடு வந்தார்கள். பெரியதம்பியின் பக்கத்தில் நிற்க முதலில் தயங்கினார்கள். பிறகு குனிந்து வெட்டினார்கள்.

சளக்! சளக்! சளக்!

அரை மணியில் தண்ணீர் வழி கண்டுகொண்டது. காய் பிடித்த வேர்க்கடலைக் கொல்லைமேல் பழுப்பாகப் பாய்ந்தது. எட்டுக் காணி! பெரியதம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எறங்குது! மட்டம் எறங்குது!" ஓவர்சியர் குதித்தார்.

அப்போது...

தொப்!

நடுக்கரையில் புற்று உள்வாங்கியது. மண்ணாங்கட்டி பாய்ந்து வெள்ளையம்மாளின் காலைப் பிடித்து இழுத்தான். அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு கரும்பள்ளம். அதற்குள்ளிருந்து கடைசியாக ஒரு மூச்சு...

ஹ்ஹூ...

அடிக்கரை ஊற்று ஒருமுறை பெருகி, செங்குழம்பாகக் கக்கியது.

டங்..! டங்..! டங்..!

என்னவோ கல்லில் முட்டி உருண்டு, இறங்கி வந்து எட்டிப்பார்த்த மண்ணாங்கட்டியின் பூட்ஸில் வந்து நின்றது.

"சார்! சொம்புங்க! வெண்கலச் சொம்பு!"

வேங்கடேசன் சறுக்கிக்கொண்டு இறங்கினார். சொம்பின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. விரலால் அளந்தார்.

பிறை நிலா வடிவம்!

"பேரு வெட்டியிருக்குதுங்க..." மண்ணாங்கட்டி கழுத்துப் பகுதியைத் துடைத்து, எழுத்துக் கூட்டினான். "வெ... வெள்... வெள்ளை..."

மேலே படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

வேங்கடேசன் சொம்போடு மேலே ஏறி, பெரியதம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"வளைஞ்ச கட்டை... இல்லையா?"

பெரியதம்பி தங்கையின் பக்கம் திரும்பினார். காலையில் தங்கை வெறுங்கையோடு, முழங்கை வரை புற்றுமண்ணோடு திரும்பி வந்ததைப் பார்த்தவர் அவர். அந்தோணிசாமி அவரைப் பார்க்க வரவே இல்லை. வழியில் புற்றடியில் நின்ற வெள்ளையம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிட்டார். அடி விழுந்ததும் பக்கத்து மதகுக் கிணற்றில் குப்புறச் சரிந்தார்.

வெள்ளையம்மாள் சொம்பைப் பார்த்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சிரித்தார்.

"புத்துக்குள்ள கை வுட்டு ஆத்தாகிட்ட குடுத்தேண்ணே. மறைச்சி வெச்சுக்கன்னு. குடுத்த பாலையும் திருப்பிட்டா. குடுத்த சொம்பையும் திருப்பிட்டா. முப்பது வருசத்துல ஒரு பொருளைக்கூட அவ வாங்கிக்கல!"

"ஏம்மா அடிச்ச?" சவுரியம்மாளின் குரல் காற்றாக வந்தது. "அவரு பொய்யா சொன்னாரு?"

"பொய் சொல்லியிருந்தா வுட்டிருப்பேன்," என்றார் வெள்ளையம்மாள். "சீசாவை மோந்து பாத்தேன். என் பாலு!"

வேங்கடேசன் கையிலிருந்த விலங்கு மறுபடி க்ளிக் என்றது. இம்முறை சின்னக் கைகள்.

பொழுது சாய்வதற்குள் அணை காலியாகிவிட்டது. நாற்பத்திரண்டு வீட்டில் ஒரு கூரைகூட நனைந்ததற்கு மேல் சேதப்படவில்லை. மறு வருஷம் பெரியதம்பி கரையைப் புதிதாகப் போட்டார். கடைக்கால் வரை தோண்டி, களிமண் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி. நடுவில் புற்றுக்கு இடம் விடவில்லை. மதகுச் சாவி சவுரியம்மாள் கைக்குப் போனது.

சுற்று ஊர்களான வல்லத்திலும் கெடாரிலும் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தச் சனிக்கிழமை அந்தோணிசாமியின் ஆவி கரைமேல் எழுந்து நின்று கூவித் தன் சனத்தைக் காப்பாற்றியதாம். பெரியதம்பியின் வழிவந்த எங்கள் குடும்பத்திலேயே சிலர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். மணியக்காரர் விலங்கு மாட்டிய கையோடு நின்று நீர்க்கட்டியின் கூவலைக் கூவினார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வெட்கமாம்!

அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சு தவறு.

கூவியது பெரியதம்பி. "டோய்ய இன்னும் இழுக்கணும் ஆண்டே" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் சவுரியம்மாள். இரண்டு தடவை முழுதாக வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.

ஆவிக்கு இழுப்பு வராது!